தப்பாய்த் தூக்கிய கால்

விழுந்தவர் கணவர். பயிற்சி கொடுத்ததோ மனைவிக்கு. இப்படியும் ஒரு கூத்து நடக்குமா என்றால், நடந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழுசாக எட்டு வாரம் நடந்தது.

கணவர் மின்சாரக் கம்பங்களில் முப்பத்து நாலு வருஷம் ஏறி இறங்கிய லைன்மேன். ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருஷம் ஆகியும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லைன்மேன்தான். ஃபியூஸ் போனாலும் அழைப்பு மணி அடிக்காவிட்டாலும் முதல் மாடிக்குத்தான் ஆள் வரும். மனைவி, ஆயத்த ஆடை ஆலையில் தைத்து முடித்த சட்டைகளைத் தரம் பார்த்தவள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் சட்டை வந்த வழியே திரும்பிப் போகும். அங்கிருந்த பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவள் வேலையை விட்டாலும் பெயர் அவளை விடவில்லை. சந்தோஷமாக இருந்தால் புருஷனே அப்படித்தான் கூப்பிடுவார். இல்லாவிட்டால் வெறும் "ஏய்".

ஒரு நாள் காலையில் குளியலறையிலிருந்து வெளியே வந்தவர் கால்மிதியில் தடுக்கினார். துவைத்த துணி வாளியோடு அந்தப் பக்கம் போன மனைவியின் தோளைப் பிடித்தார். வாளி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், அவர் அவள்மேல். சத்தம் கேட்டு ஓடி வந்த எதிர்வீட்டுக்காரி மகளுக்குப் போன் போட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் அரைமணி நேரத்தில் வந்து நின்றாள்.

"என்னப்பா ஆச்சு?"

"உங்கம்மா வழுக்கி விழுந்துட்டா. பிடிக்கப் போனேன். என்னையும் சேர்த்து இழுத்துட்டா."

மீசையில் மண் ஒட்டவில்லை என்பது பழைய கதை. இவர் மீசை மண்ணை வழித்து மனைவிமேல் பூசிவிட்டார். வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பூதக்கண்ணாடி வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அந்த முகத்தை அவள் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய அண்ணன் ஒரு தடவை விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைகள் பயந்துபோய் அவரைக் கட்டிலில் போட்டு, இரண்டு பக்கமும் கம்பி மாட்டிவிட்டார்கள். எழாதே, நடக்காதே, மணி அடி, ஆள் வரும். ஆறு மாதத்தில் அண்ணனுக்குக் கால் இருந்ததே மறந்துபோயிற்று. பார்த்துவிட்டு வந்த லைன்மேன் அன்று சாப்பிடவில்லை. "விழுந்தேன்னு சொன்னாப் போதும். கம்பி போட்டுடுவாங்க," என்று மட்டும் சொன்னார்.

ஆகவே அவள் சொல்லவில்லை. மகள் சுகாதார மையத்தில் சொல்லிவைத்து, விழுந்த முதியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிற பிசியோ ஒருத்தியை ஏற்பாடு செய்தபோதும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு நாள், எட்டு தடவை வருவாள்.

பிசியோவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முதுகுப் பையும் கழுத்தில் நிறுத்துக் கடிகாரமுமாக வந்தாள். வந்த வேகத்தில் கால்மிதியைச் சுருட்டினாள், தொலைக்காட்சி ஒயரைச் சுவரோரம் தள்ளினாள், தேய்ந்த செருப்பு இரண்டு ஜோடியைக் குப்பைக்கு அனுப்பினாள். நடையில் எரியாத பல்பை நிமிர்ந்து பார்த்து, "இத யாரு மாத்துவாங்க?" என்றாள்.

"நான்தான். ஸ்டூல் போட்டா ஒரு நிமிஷம்," என்றார் லைன்மேன்.

பூதக்கண்ணாடி அவர் காலைப் பார்த்தாள்.

பிறகு சோதனை. கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டாள் பிசியோ. இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே மடக்கிக்கொள்ள வேண்டும். முப்பது விநாடிக்குள் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பது கணக்கு. பூதக்கண்ணாடி பன்னிரண்டு முறை எழுந்தாள்.

"அட, நல்லாத்தானே இருக்கீங்க!" என்று பிசியோவே வியந்தாள். "கை ஊனாம எழுந்திருக்க முடியாதவங்கதாம்மா பெரும்பாலும் அடுத்து விழறவங்க. தொடையில பலம் போயிடுச்சுன்னா தடுக்கினதும் காலை எடுத்து முன்னால வைக்க முடியாது."

அந்த நேரம் பார்த்து லைன்மேன் சோபாவிலிருந்து எழுந்தார். இரண்டு கையையும் ஊன்றினார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவைதான் உடம்பு மேலே வந்தது. பிசியோ ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. பார்த்தவள் முப்பது வருஷம் சட்டையில் குற்றம் கண்டுபிடித்தவள். இந்தப் பயிற்சி யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும் என்று அவள் அந்த இடத்திலேயே முடிவு கட்டினாள்.

முதலில் நேராகவே கேட்டுப் பார்த்தாள். "நீங்களும் கூடச் செய்யுங்களேன்."

"எனக்கு எதுக்கு? கம்பத்து உச்சியில நின்னுக்கிட்டு டீ குடிச்சவன் நான்."

"அப்போ அன்னைக்குத் தடுக்கினது யாரு?"

"கால்மிதி சரியில்ல."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். விழுந்தவருக்குக் கால்மிதி கோணல். கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். மனுஷன் அசையவில்லை.

வழி தானாகத் திறந்தது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அடுப்பில் பால். கண் பாலின் மேல் இருந்ததால் முட்டி மடங்கி, இடுப்பு பின்னால் போய், பயிற்சி கோணல்மாணலாக வந்தது. கூடத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"இதுக்குப் பேரு பயிற்சியா? முட்டிய மடக்காத. பார்வை நேரா இருக்கணும்."

"எனக்கு இப்படித்தான் வருது."

"வருதாம்! நகரு. பாத்துக்க."

வந்துவிட்டார்! மேடையைப் பிடித்தார். குதிகாலைத் தூக்கினார். தனக்குக் கீழே வந்த எத்தனையோ புது ஆட்களுக்குக் கம்பம் ஏறக் கற்றுக்கொடுத்தவர் அல்லவா, கண்ணெதிரே ஒரு வேலை தப்பாய் நடந்தால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. இது இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் தனக்கு உறைக்கவில்லையே என்று அவள் நொந்துகொண்டாள். கூடவே பார்த்தாள். வலது குதிகால் நன்றாக எழும்பியது. இடது இரண்டு விரற்கடைக்கு மேல் வரவில்லை. மேடையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து பூதக்கண்ணாடி எதையும் சரியாகச் செய்யவில்லை. ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்கச் சொன்னால் கோணலாக வைத்தாள். பக்கவாட்டில் நடக்கச் சொன்னால் காலை இழுத்தாள். தரம் பார்த்தே வாழ்ந்தவளுக்கு வேண்டுமென்றே மட்டமாய் ஒரு வேலை செய்வது லேசா என்ன? ஒவ்வொரு தப்புக்கும் உள்ளுக்குள் கூசினாள். ஆனால் ஒரு தப்புக்குப் பத்து தடவை அவர் செய்து காட்டினார். காலையில் பத்து, மாலையில் பத்து. "உனக்கு மண்டையில ஏறவே ஏறாதா?" என்பார். "இன்னொரு தடவை காட்டுங்க," என்பாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது லைன்மேன் நகரமாட்டாரா?

பிசியோவிடம் அவள் கேட்ட கேள்விகள்தான் விசித்திரமாக இருந்தன.

"இடது குதிகால் மட்டும் எழும்பலன்னா என்ன செய்யணும்?"

பிசியோ அவள் இடது காலைப் பிடித்துப் பார்த்தாள். "உங்களுக்கு நல்லா எழும்புதேம்மா."

"சும்மா கேட்டேன். ஆள் கொஞ்சம் உயரமா இருந்தா நாற்காலியும் உயரமா வேணுமா?"

"நீங்க என்ன இனிமேலா வளரப் போறீங்க?"

பிசியோ வரும் நாளிலும் லைன்மேன் கூடத்திலேயே செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்ததால், அவள் எதிரிலும் தப்பாகவே செய்ய வேண்டியிருந்தது. அன்று மட்டும் சரியாகச் செய்தால் குட்டு உடைந்துவிடுமே! ஐந்தாவது வாரம் அவர் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்து, "இப்படி நில்லு," என்று பாதத்துக்கு முன் பாதம் வைத்து நிற்கப் போனார். பிசியோ சிரித்துக்கொண்டே, "ஐயா, இது அம்மாவோட பயிற்சி. நீங்க போய் உட்காருங்க," என்று அனுப்பிவிட்டாள். பூதக்கண்ணாடிக்கு அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போனது ஏழாவது வாரம் குரங்காய் வந்து நின்றது. அன்று நாற்காலிக் கணக்கு ஏழு. பிசியோவின் முகம் வாடிப்போயிற்று. தன் வேலையில்தான் எங்கோ பிசகு என்று நினைத்தாளோ என்னவோ, மகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே மகள் வந்தாள்.

"பன்னண்டுல இருந்து ஏழுக்கு வந்திருக்கும்மா. இதுக்கு மேல நான் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை கடைசி டெஸ்ட். பத்து வரலன்னா நீ என்கூட வந்துடு. அறை ரெடி. படி ஏற வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"அப்போ அப்பா?"

"அப்பாவுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கார். எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு இடமும் இல்ல. அவர் தனியாவே சமாளிச்சுக்குவார். இல்லப்பா?"

பூதக்கண்ணாடி கணவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். இந்த நேரத்திலாவது சொல்லமாட்டாரா? லைன்மேன் செய்தித்தாளை நாலாய் மடித்தார், எட்டாய் மடித்தார். "சமாளிச்சுக்குவேன்," என்றார்.

அப்போது அவர்மேல் அவளுக்கு வந்த கோபம் நாற்பத்தைந்து வருஷத்தில் வராத கோபம். இந்த மனுஷனைத் தனியே விட்டுப் போவதாவது! பல்பு மாற்ற ஸ்டூல் ஏறுவார். குளியலறையில் விழுந்து கிடப்பார். கதவைத் தட்டி யாராவது "லைன்மேன், ஃபியூஸ் போச்சு" என்று கூப்பிட்டால்தான் உலகத்துக்கே தெரியும். தானே சொல்லிவிடலாம். சொன்னால் அவருக்குக் கம்பி போட்ட கட்டில் கண்ணில் தெரியும், பிறகு வீம்புக்காகவே ஒரு காலைக்கூடத் தூக்கமாட்டார். சொல்லாவிட்டால் ஐந்து நாள்தான் மிச்சம்.

ஐந்து நாளும் அவள் விடவில்லை. வெள்ளிக்கிழமை சரியாகச் செய்துகொள்ளலாம், அதுவரை இன்னும் மோசமாகச் செய்வது என்று தீர்மானித்தாள். நாற்காலியில் இரண்டு கையும் ஊன்றி, முக்கி முனகி எழுந்து காட்டினாள். "கையை எடு!" என்று அவர் கத்தினார். "எடுத்தா வரலையே." "ஏன் வராது? முன்னால குனி. மூக்கு முட்டியத் தாண்டணும். பாதத்தைப் பின்னால இழு." பிசியோ சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் மனுஷனுக்கு மனப்பாடம். உட்கார்ந்தார், குனிந்தார். திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் கையை ஊன்றாமல் ஒரே ஒரு முறை எழுந்து நின்றார். முழங்கால் நடுங்கியது, நின்றுவிட்டார். அவள் கண்ணைத் துடைக்கச் சமையலறைக்குப் போய்விட்டு வந்து, "எனக்குப் புரியல. மறுபடி காட்டுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிசியோ நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டாள். மகள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். லைன்மேன் சோபாவில்.

பூதக்கண்ணாடி கையை மடக்கிக்கொண்டு எழுந்தாள், உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிசியோவின் குரல் ஏழைத் தாண்டும்போது தடுமாறியது. பத்தைத் தாண்டும்போது மகள் கைப்பையைக் கீழே வைத்தாள். முப்பது விநாடி முடிந்தபோது கணக்கு பதினாலு. மற்றதையும் செய்தாள். பாதத்துக்கு முன் பாதம், ஒற்றைக் கால், நடந்து திரும்பி வருவது, எல்லாம் பிசிறில்லாமல் வந்தன.

"அம்மா, போன வாரம் நான் பார்த்தது உங்களைத்தானா?" என்றாள் பிசியோ. ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு. "சரி, எப்படியோ தேறிட்டீங்க. இனிமே நான் வரவேண்டிய அவசியமே இல்ல." கோப்பை மூடினாள்.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பூதக்கண்ணாடிக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் இதுவரை கை ஊன்றாமல் எழுந்தது ஒரே ஒரு முறை. அதற்குள் கோப்பு மூடிவிட்டது.

"இன்னும் ஒரு நாலு தடவை வந்துட்டுப் போங்களேன்," என்றாள்.

"எதுக்கும்மா? காத்திருக்கிறவங்க நிறையப் பேர். உங்க இடத்தை விழுந்தவங்க யாருக்காவது கொடுக்கணுமில்ல?"

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. கோபித்தால் கோபிக்கட்டும், வீம்பு பிடித்தால் பிடிக்கட்டும் என்று அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் சோபாவில் சத்தம். லைன்மேன் இரண்டு கையையும் ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். எழுந்தவர் நேரே வந்து, மனைவி எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை மார்புக்குக் குறுக்கே மடக்கினார்.

"என்னையும் எண்ணும்மா. விழுந்தது நான். இவ இல்ல."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னப்பா சொல்றீங்க? அம்மாதான் விழுந்தாங்கன்னு..."

"பொய் சொன்னேன். இவ தப்புத் தப்பா காலைத் தூக்கினது எனக்காக. சட்டையில ஒரு நூல் போனாக் கண்டுபிடிக்கிறவளுக்கு ஒரு காலைத் தூக்கத் தெரியாமப் போகுமா? முதல் நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

பூதக்கண்ணாடி இதை எதிர்பார்க்கவில்லை. "தெரிஞ்சுமா திட்டினீங்க?"

"நீ தப்பாச் செஞ்சாத்தானே நான் காட்ட முடியும்," என்றார். "காட்டறேன்னு சொல்லிட்டா செய்யலாம். செய்யறேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

பிசியோ கடிகாரத்தை அழுத்தினாள். லைன்மேன் குனிந்தார், எழுந்தார். ஒன்று. நெற்றியில் வியர்வை. இரண்டு. மூன்று. நாலாவது தடவை பாதி எழுந்து, அப்படியே நாற்காலியில் விழுந்தார். நேரம் முடிந்தது. "நாலுன்னு வச்சுக்கலாம் ஐயா," என்றாள் பிசியோ பரிவோடு.

"அது பாதி. மூணுதான்," என்றாள் பூதக்கண்ணாடி.

"மூணுதான். எழுதிக்க," என்றார் அவரும்.

பிசியோ பையிலிருந்து புதுத் தாள் எடுத்தாள். மகள் அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கம்பியெல்லாம் போட்டுடாத," என்று அவர் அவளிடம் மெல்லச் சொன்னார். "அப்பா!" என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி ஒரு வருஷத்துல எத்தனை தடவை விழுந்தீங்க ஐயா?"

ஒன்று என்று பூதக்கண்ணாடியின் உதடு அசைந்தது.

"நாலு," என்றார் லைன்மேன்.

அவள் அவரையே பார்த்தாள்.

"மூணு தடவை நீ கடைக்குப் போயிருந்த. பால்கனியில ஒண்ணு, இந்தக் கூடத்துல ரெண்டு. எழுந்திருக்க வரல. தவழ்ந்தே போய்க் கட்டிலப் பிடிச்சு ஏறிப் படுத்துக்குவேன். நீ வந்து, பட்டப்பகல்ல என்ன தூக்கம்னு திட்டுவ."

திட்டியிருக்கிறாள். சோம்பேறி என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். காய்கறிப் பையோடு வாசலில் நின்று, கட்டிலில் மூச்சு வாங்கப் படுத்திருந்தவரைப் பார்த்துக் கத்தியது அவள்தான். ஊரார் தைத்த சட்டையில் ஒரு நூல் தப்பியதில்லை. தன் வீட்டுக் கூடத்தில் ஒரு மனுஷன் தவழ்ந்தது இந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிசியோ பேனாவை மூடினாள். "அப்போ நாற்காலி அப்புறம். முதல்ல தரையிலிருந்து எழுந்திருக்கக் கத்துக்கணும்," என்றாள். "இன்னைக்கே ஆரம்பிக்கலாமா, இல்ல அடுத்த வாரம்..."

பூதக்கண்ணாடி அதற்குள் பாயை எடுத்து வந்து உதறிப் போட்டிருந்தாள். முகத்தை ஒரு கையால் துடைத்துக்கொண்டாள், மறு கையை அவர் முன் நீட்டினாள்.

"இறங்குங்க," என்றாள். "எழுந்திருச்சதுக்கு அப்புறம்தான் காபி."